விலகிப் போனவர்கள் எங்கே?

பிப்ரவரி பிறந்தால் எனக்கு இன்னும் நெஞ்சு படபடக்கிறது. முனைவர் பட்ட ஆய்வில் முதல் ஆண்டு ஓடிக்கொண்டிருக்கிறது. இனி எந்தச் சேர்க்கை முடிவுக்கும் நான் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனாலும் மின்னஞ்சலைத் திறக்கும்போது 'உங்கள் விண்ணப்பத்தின் நிலை மாறியுள்ளது' என்ற வரியைக் கண் தானாகத் தேடுகிறது. என் தோழியின் தங்கை இந்த ஆண்டு அமெரிக்காவில் எட்டு இடங்களுக்கு விண்ணப்பித்திருக்கிறாள். போன வாரம் முதல் நிராகரிப்பு வந்ததும் என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். "அக்கா, நீங்கள் இதை எப்படித் தாங்கினீர்கள்?" என்று கேட்டாள். அன்று பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

நான் இரண்டு முறை விண்ணப்பித்தவள். 2023 டிசம்பரில் ஏழு இடங்கள். அடுத்த மார்ச் முடிவதற்குள் ஏழிலும் இல்லை என்று வந்துவிட்டது. 2024 டிசம்பரில் மறுபடியும் பத்து இடங்கள். அவற்றில் ஏழு நிராகரிப்பு, ஒரு காத்திருப்புப் பட்டியல், இரண்டு சேர்க்கை. என் துறை மண் நுண்ணுயிரியல். வேரை ஒட்டிய மெல்லிய மண்படலத்தில் எந்தப் பாக்டீரியா தங்குகிறது, எது தங்காமல் போகிறது, ஏன் என்பதுதான் நான் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி.

முதல் சுற்றின் ஏழாவது கடிதம், நேர வித்தியாசத்தால் இரவு இரண்டரை மணிக்கு வந்தது. படுக்கையில் இருந்தபடி கைபேசியில் படித்தேன். "இந்த ஆண்டு மிகச் சிறந்த விண்ணப்பங்கள் ஏராளமாக வந்தன" என்று தொடங்கி, நான்கு வரிகளில் முடிந்துவிட்டது. இருட்டில் அதையே திரும்பத் திரும்பப் படித்தேன். என்னிடம் என்ன குறை என்று அதில் ஒரு சொல்லாவது இருக்கும் என்று தேடினேன். ஒன்றும் இல்லை. காரணம் சொல்லாத மறுப்பு வந்தால், காரணங்களை நாமே உண்டாக்கிக்கொள்கிறோம். நானும் அன்று விடியும்வரை உண்டாக்கிக்கொண்டிருந்தேன்: மதிப்பெண் போதவில்லை, கட்டுரை போதவில்லை, கடைசியில் நானே போதவில்லை.

அப்போது நான் ஓர் ஆய்வகத்தில் திட்ட உதவியாளராக இருந்தேன். எங்கள் ஆய்வகத் தலைவர் முன்பு அமெரிக்காவில் பேராசிரியராக இருந்தவர். சேர்க்கைக் குழுக்களில் உட்கார்ந்தவர். மறுநாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். ஆறுதல் வார்த்தைகளைவிட அந்தக் கணக்குதான் என்னை நிமிர்த்தியது.

உயிரியல் துறைகளில் முதலிரண்டு ஆண்டு மாணவர்களுக்கான பணத்தின் ஒரு பகுதி அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் பயிற்சி நிதியிலிருந்து வருகிறது. டி-32 என்று அதைச் சொல்வார்கள். அந்தப் பணத்தை அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் மட்டுமே கொடுக்க முடியும். வெளிநாட்டு மாணவருக்குத் துறை வேறு எங்கிருந்தாவது பணம் தேட வேண்டும். அரசுப் பல்கலைக்கழகம் என்றால் இன்னொன்றும் சேரும்: வெளிமாநிலத்தவருக்கான கூடுதல் விகிதத்தில் கல்விக் கட்டணம். அதைத் துறையோ பேராசிரியரின் ஆய்வு நிதியோ ஏற்க வேண்டும். ஆக, வகுப்பில் இருபது இடம் இருந்தாலும், எனக்குத் திறந்திருந்தவை இரண்டோ மூன்றோதான். ஒரே பேராசிரியரின் ஆய்வகத்துக்கு நேரடியாகச் சேர்க்கும் துறைகளில் கணக்கு இன்னும் கடுமை. அந்தப் பேராசிரியரின் நிதி அந்த ஆண்டு முடிகிறது என்றால், எவ்வளவு நல்ல விண்ணப்பமும் அங்கே எடுபடாது.

இதைக் கேட்ட பிறகு வலி குறைந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கடிதத்தை என்னைப் பற்றிய தீர்ப்பாகப் படிப்பது நின்றது.

இரண்டாவது சுற்றில் நான் மாற்றியது அதிகமில்லை. செப்டம்பரிலேயே பேராசிரியர்களுக்கு நான்கைந்து வரிகளில் எழுதி, "2025 இலையுதிர் பருவத்தில் மாணவர்களைச் சேர்க்கும் எண்ணம் உண்டா?" என்று கேட்டேன். பாதிப் பேர் பதில் போடவில்லை. போட்டவர்களில் இருவர், நிதி இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். அந்த இரண்டு இடங்களையும் பட்டியலிலிருந்து எடுத்தேன். முந்தைய சுற்றில் இப்படிக் கேட்டிருந்தால் ஏழில் எத்தனை மிஞ்சியிருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

ஏன் சேர விரும்புகிறேன் என்று விண்ணப்பத்தோடு எழுதித் தரும் நோக்கக் கட்டுரையை அடியோடு மாற்றினேன். முதல் சுற்றின் கட்டுரையில் சிறு வயதிலிருந்தே அறிவியல் ஆர்வம் என்று எழுதியிருந்தேன். அந்த வரியை யாரும் எழுதலாம். இரண்டாவதில் தோற்றுப்போன ஒரு சோதனையை எழுதினேன். கிருமி நீக்கிய வளர்ப்பு ஊடகத்தில் வேரை அழகாகப் பற்றிக்கொண்ட ஒரு பாக்டீரியா, உண்மையான மண்ணில் போட்டதும் மூன்று வாரத்தில் காணாமல் போனது. மூன்று மாதம் அதைத் துரத்தினேன். ஏன் போனது என்று இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் வர விரும்புகிறேன் என்று முடித்தேன். நேர்காணலுக்கு அழைத்த ஒவ்வொருவரும் அந்தப் பாக்டீரியாவைப் பற்றித்தான் முதலில் கேட்டார்கள்.

நேர்காணல்கள் ஜனவரியில் நடந்தன. 2025 பிப்ரவரி 7 அன்று அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம், ஆய்வு நிதியுடன் பல்கலைக்கழகங்களுக்குக் கொடுக்கும் மறைமுகச் செலவுத் தொகையை (கட்டடம், மின்சாரம், நிர்வாகம் போன்றவற்றுக்கானது) 15 சதவீதத்துக்குள் அடக்கப்போவதாக அறிவித்தது. நீதிமன்றம் அதைத் தடுத்தது. ஆனாலும் அச்சம் பரவிவிட்டது. பல துறைகள் சேர்க்கையை நிறுத்திவைத்தன, சில இடங்கள் எண்ணிக்கையைக் குறைத்தன, கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெற்ற இடங்களும் உண்டு. எனக்கு நல்ல வார்த்தை சொன்ன ஓர் இடம், கடிதம் விரைவில் வரும் என்று எழுதியிருந்தது. மார்ச் முதல் வாரத்தில், இந்த ஆண்டு யாரையும் சேர்க்க இயலாது என்று எழுதியது. அதை எழுதிய துறைப் பணியாளர் தன் பெயரில் தனியாக இன்னொரு வரி சேர்த்திருந்தார்: "இதை எழுத நேர்ந்ததற்கு வருந்துகிறேன்." அந்த ஆண்டு வந்த எல்லா மறுப்புகளிலும் எனக்கு மனதில் நின்றது அதுதான்.

காத்திருந்த ஒன்பது வாரங்களை எப்படிக் கடந்தேன் என்றுதான் தோழியின் தங்கை கேட்டாள். விண்ணப்பங்களுக்கென்றே தனியாக ஒரு மின்னஞ்சல் முகவரி வைத்தேன். அதைக் கைபேசியில் சேர்க்கவில்லை. மாலை ஆறு மணிக்கு, நாற்காலியில் உட்கார்ந்து, கணினியில் மட்டும் திறப்பேன். இரவு இரண்டரை மணிக்குப் படுக்கையில் படித்த அந்தக் கடிதம் போல இனி ஒன்று வரக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். யாருக்கு எந்தத் தேதியில் எந்த முடிவு வந்தது என்று முன்பின் தெரியாதவர்கள் பதிந்துவைக்கும் பக்கங்களை அடியோடு விட்டேன். அவற்றைப் பார்த்து எனக்கு ஒரு நாளும் புதிதாக எதுவும் தெரிந்ததில்லை, தூக்கம்தான் போனது.

அம்மாவிடம், "எது வந்தாலும் அன்றைக்கே நானே சொல்கிறேன், நீங்கள் மட்டும் கேட்காதீர்கள் அம்மா" என்று சொல்லியிருந்தேன். அம்மா சரி என்றார். ஒன்பது வாரமும் கேட்கவில்லை. ஆறு மணிக்கு நான் அறைக்குள் போய்த் திரும்பும்போது கூடத்தில் ஏதாவது வேலையாக இருப்பார். நிமிர்ந்து பார்க்க மாட்டார். முதல் சேர்க்கைக் கடிதம் வந்த மாலை நான் வாய் திறப்பதற்குள் அழுதுவிட்டார். என் காலடிச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டதாம். தினமும் அந்தச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

பக்கத்து மேசையில் வேலை செய்த தோழிக்கு என்னைவிட மூன்று வாரம் முன்பே, நானும் விண்ணப்பித்திருந்த ஓர் இடத்தில் கிடைத்தது. அதே இடம் எனக்கு மறுத்திருந்தது. சிரித்து வாழ்த்த முயன்றேன், முடியவில்லை. "எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சிதான், ஆனால் இன்று அதைக் காட்டத் தெம்பில்லை. நாளை வருகிறேன்" என்று சொன்னேன். அவள் தலையசைத்தாள். மறுநாள் போனேன். நடித்திருந்தால் அந்த நட்பு இப்போது இருப்பதைப் போல இருந்திருக்காது என்று நம்புகிறேன்.

இனித் தேர்ந்தெடுப்பது. இதைத்தான் விரிவாக எழுத நினைத்தேன்.

மார்ச் நடுவில் என் கையில் இரண்டு கடிதங்கள் இருந்தன. முதலாவது, எல்லாருக்கும் பெயர் தெரிந்த பல்கலைக்கழகம்; ஒரே பேராசிரியரின் ஆய்வகத்துக்கு நேரடிச் சேர்க்கை. அவருடைய கட்டுரைகளை இரண்டு ஆண்டுகளாகக் கோடிட்டுப் படித்து வந்தவள் நான். இரண்டாவது, பெயர் சொன்னால் "அது எங்கே இருக்கிறது?" என்று கேட்பார்கள். அங்கே சேர்க்கை துறைக்குத்தான். முதல் ஆண்டில் பத்துப் பத்து வாரமாக மூன்று ஆய்வகங்களில் வேலை செய்துவிட்டுப் பிறகு நெறியாளரை முடிவு செய்யலாம். இந்த முறையை ரொட்டேஷன் என்கிறார்கள்.

யாரைக் கேட்டாலும் முதலாவதைத்தான் சொன்னார்கள். சிலர், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கோபித்துக்கொண்டார்கள்.

பணத்திலிருந்து தொடங்கினேன். உதவித்தொகை முதல் இடத்தில்தான் அதிகம். ஆனால் அந்த நகரத்தில் தனி ஆள் வாழ எவ்வளவு தேவை என்று மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் வாழ்வூதியக் கணிப்பானில் மாவட்ட வாரியாகப் பார்க்க முடியும்; பார்த்தபோது அந்த உதவித்தொகை அதற்குக் கீழே இருந்தது. இரண்டாவது இடத்தில் தொகை குறைவு, செலவு அதைவிடக் குறைவு. கடிதத்தில் இல்லாத சில விவரங்களைத் துறை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன். உதவித்தொகை 9 மாதத்துக்கா, 12 மாதத்துக்கா? கல்விக் கட்டணம் தள்ளுபடி என்றால், பருவந்தோறும் கட்டும் மற்ற கட்டணங்களும் அதில் அடக்கமா? மருத்துவக் காப்பீட்டை யார் கட்டுகிறார்கள்? எத்தனை ஆண்டுகளுக்கு எழுத்தில் உறுதி தருகிறார்கள்? முதல் இடத்தில் கோடைக்காலப் பணம் பேராசிரியரின் நிதி இருந்தால் உண்டு என்றார்கள். 'இருந்தால்' என்ற சொல்லை என் நோட்டில் வட்டமிட்டேன்.

பணம் மட்டும் என்றால் ஒரே நாளில் முடிவு செய்திருப்பேன். என்னைப் பிடித்து வைத்திருந்தது அந்தப் பேராசிரியர் மேல் இருந்த மதிப்பு.

முதல் ஆய்வகம், மாணவர்கள் மூவருடன் காணொளியில் பேச ஏற்பாடு செய்தது. மூவரும் நல்லவர்கள், எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். பேசி முடித்த பிறகு எனக்கு ஒன்று தோன்றியது. இப்போது அங்கே இருப்பவர்களிடம்தான் நான் பேசியிருக்கிறேன். இல்லாதவர்கள் என்ன ஆனார்கள்? பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் என்ற தளத்தில் அந்த ஆய்வகத்தின் பழைய இணையப் பக்கங்களைத் திறந்தேன். 2018-ஆம் ஆண்டின் குழுப் படம் கிடைத்தது. அதில் ஐந்து முனைவர் பட்ட மாணவர்கள். பல்கலைக்கழகத்தின் ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் ஒவ்வொரு பெயரையும் தேடினேன். மூவரின் ஆய்வேடுகள் இருந்தன. இருவர் பெயர் எங்கும் இல்லை, 'முன்னாள் உறுப்பினர்கள்' பட்டியலிலும் இல்லை.

இருவரில் ஒருவரின் முகவரி கிடைத்தது. எழுதலாமா என்று இரண்டு நாள் தயங்கினேன். அவர் ஆற்றிக்கொண்ட ஒன்றை நான் கிளறுகிறேனோ என்ற அச்சம். பதில் சொல்ல விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள் என்று குறிப்பிட்டே எழுதினேன். அன்று இரவே பதில் வந்தது. தொலைபேசியில் பேசலாம் என்றார்.

அவர் யாரையும் தூற்றவில்லை. பேராசிரியர் நல்ல மனிதர் என்றே இரண்டு முறை சொன்னார். ஆனால் கட்டுரை வரைவுகள் பேராசிரியரின் மேசையில் ஆறேழு மாதம் கிடந்தன. மூன்றாம் ஆண்டில் ஆய்வுத் தலைப்பு நகரவில்லை. அந்த மாணவர் வேறு பக்கம் திரும்ப விரும்பினார். அந்தத் துறையில் அவர் வேலைக்கு இடம் தரக்கூடிய வேறு ஆய்வகம் இல்லை. உதவித்தொகை முழுவதும் அந்த ஒரே பேராசிரியரின் நிதியிலிருந்து வந்தது. வெளிநாட்டு மாணவரான அவருக்குச் சேர்க்கை போனால் விசாவும் போகும். நான்காம் ஆண்டில் முதுகலைப் பட்டத்தோடு வெளியேறினார். "யாரும் எனக்குத் தீங்கு செய்யவில்லை. ஆனால் தவறு நேர்ந்தபோது போக வேறு கதவு இல்லை" என்றார்.

அழைப்பு முடிந்ததும் நெடுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மண்ணில் போட்டதும் காணாமல் போன என் பாக்டீரியா நினைவுக்கு வந்தது. அந்த மூன்று மாதத்தில் என் கேள்வியை நான் இரண்டு முறை மாற்ற வேண்டியிருந்தது. ஐந்தாறு ஆண்டுகளில் எத்தனை முறை மாறுவேனோ. எது சிறந்த இடம் என்று அதுவரை கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து, என் தேர்வு தவறாகப் போனால் எந்த இடத்தில் அதைச் சரிசெய்ய முடியும் என்று கேட்கத் தொடங்கினேன்.

அதே கேள்வியை இரண்டாவது இடத்தின் இயக்குநரிடம் நேராகவே கேட்டேன்: கடந்த ஐந்து ஆண்டுகளில் யார் யார் விலகினார்கள், எங்கே போனார்கள்? அவர் தயங்காமல் சொன்னார். மூவர் நடுவில் ஆய்வகம் மாறினார்கள். மாறும் பருவத்துக்கான உதவித்தொகையைத் துறையே கொடுத்தது. ஒருவர் முதுகலையோடு போனார். இப்போது எங்கே வேலை செய்கிறார் என்பது வரை அவருக்குத் தெரிந்திருந்தது. பிறகு, அவர் ஏற்பாடு செய்யாமல் நானாகத் தேடிப் பேசிய ஒரு மாணவரிடம் கேட்டபோது அதே எண்ணிக்கையைச் சொன்னார். ஆய்வகம் மாறிய மூவரில் அவரும் ஒருவர்.

முடிவு செய்ய அதுவே போதுமானதாக இருந்தது. மதிப்பு வைத்த ஒருவரிடம் வரவில்லை என்று சொல்வதுதான் கடினமாக இருந்தது.

ஏப்ரல் 15 பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் முதுநிலைப் பள்ளிகளின் மன்றம் ஒரு தீர்மானம் வைத்திருக்கிறது. பெரும்பாலான ஆய்வுப் பல்கலைக்கழகங்கள் அதில் கையொப்பமிட்டவை. நிதியுதவியோடு வரும் சேர்க்கைக்கு ஏப்ரல் 15-க்கு முன் பதில் சொல்ல மாணவருக்குக் கட்டாயம் இல்லை என்கிறது அது. என்னிடம் ஓர் இடம் மார்ச் 28-க்குள் பதில் கேட்டது. அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் கையொப்பப் பட்டியலில் இருப்பதைச் சரிபார்த்துவிட்டு, தீர்மானத்தைக் குறிப்பிட்டு, யோசிக்க அவகாசம் வேண்டும் என்று பணிவாக எழுதினேன். ஒரே நாளில் ஒப்புக்கொண்டார்கள். கேட்டால் வாய்ப்பே போய்விடும் என்று பயந்து முந்தைய இரவு முழுவதும் விழித்திருந்தேன். இதை வலியுறுத்தியே எழுதுகிறேன்: அவகாசம் கேட்பது உங்கள் உரிமை.

ஆனால் நான் ஏப்ரல் 15 வரை காத்திருக்கவில்லை. காத்திருப்புப் பட்டியல் என்றால் என்ன என்பதை நானே ஓரிடத்தில் அனுபவித்துக்கொண்டிருந்தேன். நான் பிடித்து வைத்திருக்கும் இடத்துக்காக எங்கோ ஒருவர் மாலை ஆறு மணிக்குக் கணினியைத் திறந்துகொண்டிருப்பார். முடிவு தெளிவானதும், ஏப்ரல் 4 அன்று, இரண்டு கடிதங்கள் எழுதினேன். காத்திருப்புப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுக்கச் சொல்லி ஒன்று. பேராசிரியருக்கு மற்றொன்று, அதை எழுத நான்கு நாள் ஆகியிருந்தது. அவருடைய எந்தக் கட்டுரை என்னை இந்தத் துறைக்குக் கொண்டுவந்தது என்று எழுதினேன். மூன்று ஆய்வகங்களைப் பார்த்து முடிவெடுக்கும் வாய்ப்பு எனக்கு வேண்டியிருக்கிறது என்று எழுதினேன். அன்றே பதில் வந்தது: "நல்ல காரணம். மாநாட்டில் சந்திப்போம்."

அதன் பிறகும் நிம்மதி உடனே வரவில்லை. மே 27 முதல் மூன்று வாரத்துக்கும் மேலாக உலகெங்கும் அமெரிக்கத் தூதரகங்களில் மாணவர் விசாவுக்குப் புதிய நேர்காணல் தேதி தருவதையே நிறுத்தி வைத்திருந்தார்கள். விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவம் கையில் இருந்தும் தேதி இல்லாமல் காத்திருந்தேன். ஜூலையில் கிடைத்தது. இதைப் பற்றி எழுதினால் இன்னொரு பதிவாகிவிடும்.

இங்கே என் முதல் ரொட்டேஷன், யாருக்காக இந்தத் துறைக்கு விண்ணப்பித்தேனோ அந்தப் பேராசிரியரின் ஆய்வகத்தில். அன்பானவர். ஆனால் அவர் வேலை பெரும்பாலும் கணினி மாதிரிகளுக்கு நகர்ந்துவிட்டிருந்தது. நான்காவது வாரத்திலேயே என் கை மண்ணைத் தேடத் தொடங்கிவிட்டது. பத்து வாரம் முடிந்ததும் உண்மையைச் சொல்லி நன்றி கூறினேன். அடுத்து யாரிடம் போகலாம் என்று அவரே இரண்டு பெயர் சொன்னார். அதில் ஒருவரிடம் இரண்டாவது ரொட்டேஷனை முடித்துவிட்டேன். இப்போது மூன்றாவதில் இருக்கிறேன். மனம் இரண்டாவதிலேயே நிற்கிறது. ஏப்ரல் கடைசியில் சொல்ல வேண்டும்.

நேற்று இரவு தோழியின் தங்கை மறுபடி அழைத்தாள். ஓரிடத்தில் நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், வியாழக்கிழமை. குரலில் போன வாரம் இருந்த சோர்வு இல்லை. "பேராசிரியரிடம் என்ன கேட்கட்டும் அக்கா?" என்றாள். அந்த ஆய்வகத்தின் பழைய குழுப் படம் கிடைக்கிறதா பார்ப்போம் என்றேன். 2020-ஆம் ஆண்டின் படம் கிடைத்தது. அதில் ஆறு மாணவர்கள் இருக்கிறார்கள். நான்கு பேரின் ஆய்வேடுகளைக் கண்டுபிடித்துவிட்டோம். ஒருவர் இன்னும் அங்கேயே இருக்கிறார். ஆறாவது பெயரை அவள் தேடிக்கொண்டிருக்கிறாள்.